கழுத்துல சொடக்கு எடுக்கப் போய் வினையாயிட்டா கேஸ் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்ல. கன்ஸ்யூமர் கேஸ் நடத்துற ஒரு வக்கீல் ஆபீஸ்ல 11 வருஷமா குமாஸ்தா. பெட்டிஷன் டைப் அடிக்கிறதுலேர்ந்து நுகர்வோர் கமிஷன்ல கேஸ் நம்பர் வாங்கறது வரைக்கும் என் வேலை. கொஞ்ச காலமா இந்த கைரோபிராக்டிக் விஷயமா வர்றவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க, ரீல்ஸ்ல படக்கு படக்குனு கழுத்தத் திருப்பறத பாத்துட்டு போயிடறாங்க, அப்புறம் இங்க வர்றாங்க. எல்லாரும் அதே கேள்விதான், நானும் அதே பதில்தான், ஒரு கட்டத்துல தொண்டை வறண்டு போய் எழுதி வச்சிட்டேன். கேட்டவங்க வாயில வந்த மாதிரியே கேள்விய போட்டிருக்கேன். மேலேர்ந்து படிச்சுட்டு வாங்க, சொன்னதையே திருப்பிச் சொல்ல மாட்டேன்.

அண்ணே, கைரோபிராக்டிக்கும் பிசியோவும் ஒண்ணா? வேற வேறயா?

வேற வேற. கைரோபிராக்டிக் 1895ல அமெரிக்காவுல, அயோவா மாநிலத்துல டேவன்போர்ட்ங்கிற ஊர்ல டி. டி. பால்மர்ங்கிறவரு ஆரம்பிச்சது. முதுகெலும்ப கையால சட்டுனு ஒரு தள்ளு தள்ளி சரி பண்றேன்ங்கிறதுதான் அதோட மையம், அந்த 'டக்'னு கேக்கற சத்தம் அதுலதான் வரும். அங்கெல்லாம் இதுக்குன்னு லைசென்ஸ் போர்டு உண்டு, இங்கிலாந்துல 1994ல தனிச் சட்டமே போட்டுட்டாங்க.

இந்தியாவுல கைரோபிராக்டிக்குக்குன்னு தனிச் சட்டமும் இல்ல, தனி கவுன்சிலும் இல்ல. பிசியோதெரபிய 2021ல வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. அதனால இங்க போர்டு மாட்டியிருக்கறவரு வெளிநாட்டுல முறையா படிச்சவராவும் இருக்கலாம், பிசியோ முடிச்சுட்டு இத கத்துக்கிட்டவராவும் இருக்கலாம், மூணு நாள் வொர்க்‌ஷாப் போயிட்டு வந்தவராவும் இருக்கலாம். யாருன்னு தெரிஞ்சுக்கறது பின்னாடி கேஸுக்கு ரொம்ப முக்கியம், அது தனிக் கேள்வியா கீழ வருது.

சுத்தி வளைக்காதீங்க சார், கேஸ் போட முடியுமா முடியாதா?

முடியும். காசு வாங்கிட்டு செஞ்ச எந்த சேவையிலயும் குறை இருந்தா நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவமும் அதுல வரும்னு 1995லயே உச்ச நீதிமன்றம் சாந்தா கேஸ்ல சொல்லிடுச்சு. 2019ல புதுச் சட்டம் வந்தப்ப மருத்துவத்த எடுத்துட்டாங்கன்னு ஒரு பேச்சு ஓடுச்சு, அதுவும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 2022ல, இல்ல இன்னும் உள்ளதான் இருக்குன்னு முடிஞ்சிருச்சு.

ஆனா போட முடியறது வேற, ஜெயிக்கறது வேற. அடுத்த கேள்விதான் அசல் கேள்வி.

போகும்போது லேசான வலி, வந்தப்புறம் எழுந்திரிக்கவே முடியல, இது ஒண்ணு போதாதா?

போதாது. இதச் சொன்னா எல்லார் முகமும் வாடிடும், ஆனா உண்மை அதுதான். சிகிச்சை பலிக்கல, வலி கூடிடுச்சு என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. மூணு விஷயம் காட்டணும். ஒண்ணு, உங்கள கவனமா பாக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்துச்சு, காசு வாங்கி டேபிள்ல படுக்க வச்சதுமே அது வந்துடுது. ரெண்டு, அந்தத் தொழில்ல சாதாரணமா திறமையா செய்யற ஒருத்தர் செஞ்சிருக்க வேண்டியத இவரு செய்யல. மூணு, அதனாலதான் இந்தக் காயம்.

ரெண்டாவதுல நாங்க தேடறது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம். பழைய எம்ஆர்ஐ இருக்கான்னு கேட்டாரா? எலும்புத் தேய்மானம் இருக்கற 68 வயசு அம்மாவுக்கு எக்ஸ்ரேகூட பாக்காம நெஞ்சாங்கூட்டு மேல ரெண்டு கையயும் வச்சு அமுக்கினாரா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டாரா? 'வேண்டாம் வலிக்குது'னு கத்தினப்பறமும் இன்னொரு தடவ திருப்பினாரா? இதுல ஒண்ணு இருந்தாலும் கேஸுக்கு உயிர் இருக்கு.

சத்தம் வந்துச்சு, அன்னைக்கு ஒண்ணும் ஆகல, மூணு நாள் கழிச்சு தலை சுத்தி வாந்தி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம், கேஸ அப்புறம் பாக்கலாம், இப்ப இந்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கழுத்தெலும்புல ரெண்டு பக்கமும் வரிசையா ஓட்டை இருக்கு, அது வழியா மூளையோட பின்பக்கத்துக்கு ரத்தக்குழாய் போகுது. சட்டுனு திருப்பறப்ப அதோட உள்சுவர் கிழிஞ்சா, அந்த இடத்துல ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மேல போயி அடைச்சா பக்கவாதம். அபூர்வம்தான், ஆனா வந்தா வாழ்க்கை மாறிடும். உடனேயும் வரலாம், சில நாள் கழிச்சும் வரலாம். இதுவரை இல்லாத மாதிரி கழுத்து வலி தலைவலி, ரெண்டு ரெண்டா தெரியறது, பேச்சு குழறல், நடக்கறப்ப ஒரு பக்கமா இழுக்கறது, இதெல்லாம் அறிகுறி.

இடுப்புல பண்ணினவங்களுக்கு வேற ஆபத்து. டிஸ்க் பிதுங்கி நரம்புக் கொத்த அமுக்கினா உக்கார்ற இடம் மரத்துப் போகும், ஒண்ணுக்கு வராது. அது ராத்திரி 2 மணியானாலும் எமர்ஜென்சி, விடியட்டும்னு இருக்கக் கூடாது.

சரி, காயம் ஆயிடுச்சு, இப்ப மொதல்ல என்ன செய்யணும்?

டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லுங்க. இத நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க ஆபீஸுக்கு வர்ற ஃபைல்ல பாதி சாகறது இந்த இடத்துலதான். கேஷுவாலிட்டில போய் படுத்ததும் டூட்டி டாக்டர் என்னாச்சுன்னு கேப்பாரு. நம்மாளு வெக்கப்படுவாரு, திட்டுவாங்களோன்னு பயம், 'ரெண்டு நாளா கழுத்து வலி சார், தலை சுத்துது'ம்பாரு. அத அப்படியே எழுதிடுவாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில அந்த ஒரு வரிதான் இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரிய மஞ்சள் மார்க்கர்ல தீட்டிக் கொண்டாந்து, 'ஐயா, இவங்க ஆஸ்பத்திரிலயே எங்க சிகிச்சையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலயே'ம்பாரு. அப்ப நாம என்ன சொன்னாலும் பின்னாடி ஜோடிச்ச மாதிரிதான் தெரியும்.

அதனால எந்தத் தேதி, எத்தன மணிக்கு, எந்த இடத்துல, கழுத்தா இடுப்பா, எத்தன தடவ, எப்ப வலி ஆரம்பிச்சது எல்லாத்தையும் சொல்லி எழுத வைங்க. சம்மரி கைக்கு வந்ததும் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வரிய படிச்சுப் பாருங்க, இல்லன்னா அங்கயே கேட்டு சேத்துக்குங்க. ஸ்கேன் படம், ரிப்போர்ட், மருந்து சீட்டு, ஆட்டோ செலவு வரைக்கும் ஒரு ஃபைல்ல போடுங்க. ஆஸ்பத்திரி ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு மருத்துவ கவுன்சில் விதியே இருக்கு, எழுதிக் குடுத்துக் கேளுங்க.

பில்லே குடுக்கல சார், ஜிபேல அனுப்பினேன், அதுவும் அவங்க வீட்டம்மா நம்பருக்கு

பரவால்ல. ஜிபே ஸ்க்ரீன்ஷாட், பேங்க் ஸ்டேட்மென்ட், அப்பாயின்ட்மென்ட் வாட்ஸப், 'நாளைக்கு 6 மணிக்கு வாங்க'ன்னு வந்த வாய்ஸ் மெசேஜ், கூகுள் மேப்ல நீங்க அங்க இருந்ததா காட்டற டைம்லைன், எல்லாம் ஆதாரம்தான். முழுக்க கேஷா குடுத்திருந்தா கஷ்டம், ஆனா கூட வந்தவங்க பிரமாணப் பத்திரம் குடுக்கலாம். கோவத்துல சாட்ட டெலிட் பண்ணிட்டு வராதீங்க, ஒரு அக்கா 'அவன் மூஞ்சியே பாக்கக் கூடாதுன்னு பிளாக் பண்ணி எல்லாத்தையும் அழிச்சிட்டேன்'னு வந்து நின்னாங்க.

அவங்களே ரீல்ஸுக்கு வீடியோ எடுத்தாங்க, அது உதவுமா?

அத விட பெரிய சாட்சி வேணுமா? சத்தம் நல்லா விழணும்னு கழுத்துகிட்ட மைக்க வச்சு எடுத்திருப்பாங்க, எத்தன தடவ திருப்பினாரு, நீங்க வலிக்குதுன்னு சொன்னது, கேள்வி கேட்டாரா இல்லயா எல்லாம் அதுல இருக்கும். நோட்டீஸ் போகறதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க, நோட்டீஸ் போன மறுநாள் அந்த வீடியோ இருக்காது. எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டத்துல 63வது பிரிவுப்படி ஒரு சர்ட்டிஃபிகேட் சேக்கணும், அத வக்கீல் பாத்துப்பாரு. உங்க அனுமதி இல்லாம எடுத்துப் போட்டதே தனிப் புகாருக்கு இடம் குடுக்கும்.

உள்ள போறப்ப ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினாங்க, என்ன ஆனாலும் நான் பொறுப்பில்லன்னு. அப்ப அவ்வளவுதானா?

இல்ல. ஒப்புதல்னா என்ன ஆபத்து வரலாம்னு சொல்லி, வேற என்ன வழி இருக்குன்னு சொல்லி, நீங்க புரிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்றது. 2008ல சமீரா கோலி கேஸ்ல உச்ச நீதிமன்றம் இத விரிவாவே சொல்லியிருக்கு. ரிசப்ஷன்ல பேனாவ நீட்டி 'இங்க ஒரு சைன் பண்ணுங்க'ன்னு வாங்கினது அதுல சேராது. கழுத்து சிகிச்சைக்கு முன்னாடி பக்கவாத ஆபத்த நோயாளிகிட்ட சொல்லணும்னு அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனே 2014ல அறிக்கை விட்டிருக்கு, அத காட்டி உங்க ஃபார்ம்ல அந்த வார்த்தை இருக்கான்னு கேக்கலாம்.

முறையா சொல்லித்தான் வாங்கினாங்கன்னே வைங்க, நீங்க ஒத்துக்கிட்டது சிகிச்சையோட இயல்பான ஆபத்த. அவரு அஜாக்கிரதையா செய்யறதுக்கு நீங்க ஒத்துக்கல. ஆனா அந்த ஃபார்ம்ல 'டிஸ்க் பிரச்சனை உண்டா'ன்னு கேட்டு நீங்க இல்லன்னு டிக் அடிச்சிருந்தா, அது உங்க தலையிலதான் விழும்.

எங்க போய் போடணும், எவ்வளவு செலவாகும்?

உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்ன எதிராளி இருக்கற ஊர்லயோ சம்பவம் நடந்த ஊர்லயோதான் போடணும், 2019 சட்டத்துக்கப்புறம் நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், திருநெல்வேலிக்காரரு சென்னையில அடிபட்டாலும் திருநெல்வேலிலயே போடலாம். இதுல பலருக்குத் தெரியாத ஒண்ணு, எந்த ஆணையம்ங்கறத முடிவு பண்றது நீங்க கேக்கற நஷ்டஈடு இல்ல, நீங்க கட்டின சிகிச்சைக் காசு. 50 லட்சம் வரைக்கும் கட்டியிருந்தா மாவட்டம். நீங்க 1500 ரூபா கட்டியிருப்பீங்க, 30 லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் மாவட்டம்தான். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஆணையத்துக் கட்டணமும் கிடையாது.

வக்கீல் கட்டாயம் இல்ல, நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். ஆனா மருத்துவ கேஸ தனியா நடத்தாதீங்க, இது நான் வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கறதால சொல்லல. காசு இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு.

எத்தன நாளைக்குள்ள போடணும்?

ரெண்டு வருஷம். எப்பலேர்ந்துன்னா வழக்குக்கான காரணம் எழுந்த நாள்லேர்ந்து. தாமதத்துக்கு சரியான காரணம் காட்டினா மன்னிப்பாங்க, படுத்த படுக்கையா இருந்தேன்னா அதுக்கு ரெக்கார்டு வேணும். 'அவரு சமாதானம் பேசிக்கிட்டே இருந்தாரு, அதான் விட்டுட்டேன்'ங்கிறது எடுபடறது கஷ்டம். எதிர்த்தரப்புக்கு பதில் போட 30 நாள், மிஞ்சினா இன்னும் 15 நாள், அதுக்கு மேல கிடையாதுன்னு 2020ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வே சொல்லிடுச்சு, அந்தத் தேதிய நாங்க காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிப்போம்.

பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்காரு, விசாரிச்சா டாக்டரே இல்லயாம்!

பிசியோ படிச்சவங்க டாக்டர்னு போட்டுக்கலாமாங்கறதே இன்னும் ஓயாத சண்டை, அதுக்குள்ள நான் போகல. உங்க கேஸுக்கு வேண்டியது அவரு எதுல படிச்சாரு, எதுல பதிவு பண்ணியிருக்காருங்கிறது. 1996ல பூனம் வர்மா கேஸ்னு ஒண்ணு, ஹோமியோபதி படிச்சவரு அலோபதி மருந்து குடுத்து நோயாளி இறந்துட்டாரு. தெரியாத முறையில கை வச்சதே கவனக்குறைவுதான், தனியா நிரூபிக்க வேண்டியதில்லன்னு தீர்ப்பு. படிப்பே இல்லாம கழுத்துல கை வச்சவரு விஷயத்துல நாங்க மொதல்ல எடுத்து நீட்டறது அந்தத் தீர்ப்பத்தான்.

போர்டு, விசிட்டிங் கார்டு, இன்ஸ்டா பயோ மூணயும் போட்டோ எடுத்து வைங்க. போர்டு ராத்திரியோட ராத்திரியா மாறும், நான் பாத்திருக்கேன், 'டாக்டர்'ங்கிற எழுத்து மேல மட்டும் புதுசா வெள்ளை ஸ்டிக்கர்.

சலூன்ல முடி வெட்டினப்பறம் கழுத்த திருப்பினாங்களே, அதுக்கும் போடலாமா? சுளுக்கு எடுக்கறவரு மேல?

போடலாம், அதுவும் காசு வாங்கிட்டு செஞ்ச சேவைதான். சலூன்காரரு மருத்துவரா இருக்க வேண்டியதில்ல. ஆனா 'நான் கேக்கல, அவரா செஞ்சாரு'ங்கறத எப்படிக் காட்டுவீங்கங்கிறதுதான் சிக்கல், சிசிடிவி இருந்தா அன்னைக்கே கேளுங்க. சுளுக்கு எடுக்கறவரு, கட்டு கட்டறவரு எல்லாருக்கும் அதே கதை, பில் இருக்காது, பேர்கூட முழுசா தெரியாது. ஜெயிச்சாலும் அவருகிட்டேர்ந்து வசூல் பண்ண என்ன இருக்குன்னும் யோசிக்கணும், சில பேர நாங்களே வேணாம்னு சொல்லி அனுப்பியிருக்கோம்.

முதல் சிட்டிங் ஃப்ரீன்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க, காசே குடுக்கல. நான் கன்ஸ்யூமரா?

நல்ல கேள்வி. எல்லாருக்கும் எப்பவும் இலவசம்னா, தர்ம ஆஸ்பத்திரி மாதிரி, நுகர்வோர் சட்டம் வராது. ஆனா மேல சொன்ன 1995 தீர்ப்புலயே, சிலர்கிட்ட காசு வாங்கி சிலருக்கு சும்மா பாக்கற இடமா இருந்தா, சும்மா பாத்தவங்களும் நுகர்வோர்தான்னு இருக்கு. கல்யாண மண்டபத்துல நடந்த முழு இலவச முகாம்னா சிவில் கோர்ட்டுதான் வழி, அங்க கோர்ட் ஃபீஸ் உண்டு, கேஸ் முடிய ஆகற வருஷமும் கூடும்.

எந்த டாக்டரும் சாட்சி சொல்ல வர மாட்டேங்கறாங்க

வழக்கமான தலைவலி. எல்லா கேஸுக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லன்னு 2010ல கிஷன் ராவ் கேஸ்ல சொல்லியிருக்காங்க, பாத்தாலே தெரியற தப்புக்கு வேண்டாம். விலா எலும்பு முறிஞ்ச கேஸ் அப்படி. ரத்தக்குழாய் கிழிஞ்ச கேஸ் அப்படி இல்ல, அதுக்கு நியூராலஜிஸ்ட் ரெண்டு வரி எழுதினாத்தான் நிக்கும். சாட்சிக் கூண்டுக்கு வாங்கன்னா பயப்படுவாங்க, 'இந்தக் காயம் எதனால வந்திருக்கலாம்னு கேஸ் ஷீட்ல எழுதிக் குடுங்க சார்'னு கேட்டா பல பேர் எழுதுவாங்க. அரசு மருத்துவக் கல்லூரி குழுவோட கருத்த வாங்கித் தரச் சொல்லி ஆணையத்துலயே மனு போடலாம்.

'உங்களுக்கு ஏற்கனவே பிரச்சனை இருந்துச்சு, அதுக்கு நான் என்ன பண்றது'ங்கறாரு

இதுதான் அவங்க கையில இருக்கற நல்ல ஆயுதம், சும்மா தள்ளிவிட முடியாது. ரத்தக்குழாய் கிழியறதே முதல்ல கழுத்து வலியாத்தான் தெரியும், அந்த வலியோடதான் ஆளு கைரோபிராக்டர்கிட்ட போவாரு, அப்புறம் பக்கவாதம் வரும், பழி கழுத்தத் திருப்பினவரு மேல. 2008ல கனடாவுல ஒன்டாரியோவுல ஒரு ஆய்வு வந்துச்சு, கைரோகிட்ட போனவங்களுக்கும் சாதாரண குடும்ப டாக்டர்கிட்ட போனவங்களுக்கும் இந்தப் பக்கவாதத்தோட தொடர்பு ஒரே மாதிரிதான் தெரியுதுன்னு. எதிர்த்தரப்பு அத கண்டிப்பா எடுத்துட்டு வருவாங்க.

பதில் இருக்கு. ஏற்கனவே கிழிய ஆரம்பிச்சிருந்துச்சுன்னே வைங்க, அப்ப 'புதுசா வந்த வலியா, இதுவரை இல்லாத மாதிரி இருக்கா, தலை சுத்துதா'ன்னு கேட்டு, ஆமான்னா தொடாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணுமே? கேக்காம திருப்பினதே குறைதான். டிஸ்க் கேஸுக்கும் அதேதான், பழைய எம்ஆர்ஐயும் புது எம்ஆர்ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சா என்ன மாறியிருக்குன்னு தெரியும். பழசு இருந்தா ஒளிக்காதீங்க, அவங்க கண்டுபிடிச்சு போட்டா உங்க பேச்ச அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க.

கேஸ் யாரு மேல போடணும், கை வச்ச பையன் மேலயா ஓனர் மேலயா?

ரெண்டு பேர் மேலயும். வேலைக்காரர் செஞ்ச தப்புக்கு நிறுவனம் பொறுப்பு. பையன் பேரு தெரியலன்னாலும் கிளினிக் மேல போட்டா கேஸ் விழாது, 2004ல சவிதா கார்க் கேஸ்ல அத சொல்லிட்டாங்க.

போலீஸ்ல குடுத்து உள்ள தள்ள முடியாதா?

கோவம் புரியுது. ஆனா கிரிமினலுக்கு சாதாரண கவனக்குறைவு பத்தாது, படு மோசமான அலட்சியம் வேணும்னு 2005ல ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. காயம்னா பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம், அதுல 125வது பிரிவு, கொடுங்காயம்னா 3 வருஷம் வரைக்கும் தண்டனை. இறந்துட்டா 106வது பிரிவு. அதுல ஒரு விஷயம் கவனிங்க, பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 வருஷம்தான் உச்சம், மத்தவங்களுக்கு 5 வருஷம். மருத்துவப் பதிவேட்டுல பேர் இல்லாதவருக்கு அந்த 2 வருஷச் சலுகை இல்ல.

போலி டாக்டர்னா போலீஸ் புகார் அவசியம் குடுங்க. நஷ்டஈடு வேணும்னா ஆணையம்தான், ரெண்டும் ஒரே சமயத்துல ஓடலாம்.

எவ்வளவு கிடைக்கும்? கோடி கெடைக்கும்ங்கறாங்களே

2013ல கொல்கத்தா கேஸ் ஒண்ணுல உச்ச நீதிமன்றம் வட்டியில்லாம 6 கோடி ரேஞ்சுல குடுத்துச்சு, அது அமெரிக்காவுல குடியிருந்த ஒருத்தங்க இறந்த கேஸ், வருமானக் கணக்கு அப்படி. உங்களுக்கு ஆன செலவு, போன சம்பளம், இனிமே ஆகப்போற சிகிச்சை, பாத்துக்க ஆள் கூலி, வலி வேதனை, இப்படித் தலைப்பு தலைப்பாத்தான் கணக்கு. பேப்பர் இருக்கற தலைப்புக்குக் காசு வரும். மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில வருஷக்கணக்கு. ஜெயிச்சாலும் அவங்க 45 நாளுக்குள்ள மாநில ஆணையத்துக்கு அப்பீல் போகலாம், ஆனா ஆணையம் குடுக்கச் சொன்ன தொகையில பாதிய கட்டிட்டுத்தான் போகணும்.

காச திருப்பிக் குடுத்துடறேன், எழுதிக் குடுங்கன்னு கூப்பிடறாரு, போகலாமா?

போங்க, சமரசம் தப்பே இல்ல, ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். ஆனா என்ன எழுதறீங்கன்னு பாருங்க. ஒரு ஆட்டோ ஓட்டற அண்ணன், சிட்டிங் காசு 3000 ரூபாய திருப்பி வாங்கிட்டு, அவங்க டைப் பண்ணி வச்சிருந்த பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வந்துட்டாரு. 'முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்'னு அதுல. ரெண்டு மாசம் கழிச்சு இடுப்புல ஆபரேஷன். அந்தப் பேப்பர உடைக்கறதுக்கே எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. வாங்கறதா இருந்தா உங்க கையாலயே 'சிகிச்சைக் கட்டணம் மட்டும் திரும்பப் பெற்றேன்'னு ஒரு வரி எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்துட்டுக் குடுங்க. அதுக்கு ஒத்துக்கலன்னா காச வாங்காம வாங்க.